பதில் தட்டு

பாஸ்கர் சுத்தியலால் ஐந்து முறைதான் தட்டினான். ஆறாவது தட்டு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

கப்பலின் பின்கோடியில், கீழ்த்தளத்தில், தண்ணீர் புகாத கனமான இரும்புக் கதவுக்கு முன்னால் அவன் நின்றிருந்தான். மேலே ஜூன் மாதப் பகல், அரபு நாட்டுப் புஜைராவின் மொட்டை மலைகளெல்லாம் வெந்து கிடக்கிற வெயில். கீழே டார்ச் வெளிச்சம் விழுந்த இடம் போக மற்றதெல்லாம் இருட்டு, அந்த இருட்டிலும் சூடு, பழைய டீசலும் துருவும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை, உள்பனியன் வரை ஊறிப்போன வேர்வை. தட்டிப் பார்த்து, தகடு நல்லதா அரித்ததா என்று சொல்கிறதுதான் அவன் தொழில். நல்ல தகடு கணீரென்னும், அரித்த தகடு பொத்தென்னும். எதுவானாலும் தட்டிய பிறகுதான் பேசும். சும்மா இருக்கும்போது பேசாது.

சூட்டில் இரும்பு விரிகிற சத்தமென்று நினைத்துக்கொண்டான். பதினைந்து வருஷம் கப்பல் கப்பலாக ஏறி இறங்கியவன் வேறெதை நினைப்பான். சுத்தியலை இடுப்பில் செருகப் போனபோது மறுபடியும் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு.

அவன் கை தன்னால் சுத்தியலைத் தூக்கி, ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

சென்னைத் துறைமுகத்தில் தொழில் பழகிய நாளிலிருந்து ஊறிப்போன வழக்கம் அது. கப்பலின் தொட்டிக்குள்ளோ அடைத்த அறைக்குள்ளோ மாட்டிக்கொண்டவன் இரண்டு இரண்டாகத் தட்டுவான். வெளியே அதைக் கேட்டவன் ஒரு தட்டுத் தட்டவேண்டும். கேட்டுவிட்டது, பதறாதே, வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பதிலைத் தட்டியவன் கதவைத் திறக்காமல் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. சாப்பாட்டுச் சங்கு ஊதினாலும் கூடாது, மேஸ்திரி கூப்பிட்டாலும் கூடாது. தூக்கத்தில் கட்டில் காலில் ஏதாவது இடித்தால்கூட இந்த மனுஷர் ஒரு தட்டுத் தட்டுவார் என்று அவன் மனைவி சுசீலா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

உள்ளே சத்தம் நின்றது. காதைக் கொடுத்துக்கொண்டு யாரோ காத்திருக்கிற மாதிரி நின்றது.

அந்த அறைக்குள் ஆள் இருக்க வழியே இல்லை. கதவின் பிடிகள் எல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து இறுகிக் கிடந்தன. துருவின் மேல் யாருடைய கையும் பட்ட அடையாளமில்லை. பாஸ்கர் ஒரு பிடியைத் தொட்டான். மற்ற இரும்பெல்லாம் தோலை உரிக்கிற சூட்டில் இருக்க, இது மட்டும் குளிர்ந்து, ஈரமாக இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். பார்த்தாயிற்று, காலி என்பதற்கு அடையாளமாகச் சாக்பீஸால் கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டான். திறந்து பார்க்காமலே போட்டான். பிறகு ஏணிப்படி வரை நடந்தான் என்று சொன்னால் அது அவனுக்குக் கொடுக்கிற மரியாதை. ஓடினான்.

மேல்தளத்தில் தார்ப்பாய் நிழலில் காவல்காரர் சதக்கத்துல்லா சுலைமானி டீ போட்டுக்கொண்டிருந்தார். நாகூர்க்காரர். இந்தக் கப்பல் எண்ணெய்க் கம்பெனிக் கூலிகளுக்குத் தங்குமிடமாக மிதந்துகொண்டிருந்த காலத்தில் இதில் சமையல்காரராக இருந்தவர். கப்பல் கைமாறும்போதெல்லாம் அவரும் கூடவே கைமாறி வந்திருந்தார்.

"பின்னால கீழ போனீங்களா தம்பி?"

"போனேன்."

"தட்டுச்சா?"

பாஸ்கர் டம்ளரை வாங்கிக்கொண்டான். "சூட்டுல இரும்பு விரியும் பாய்."

"விரியட்டும். நீங்க பதிலுக்கு ஒண்ணும் தட்டலையே?"

"நான் எதுக்குத் தட்டறேன்," என்றான் பாஸ்கர். பொய் சொன்ன வாயில் டீ கசந்தது.

கிழவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் டம்ளரை ஊதினார். பாஸ்கர் பக்கத்துத் தூணில் உரிந்து தொங்கிய பெயிண்டை நகத்தால் சுரண்டினான். மேலே கம்பெனிக்காரர்கள் பூசிய வெள்ளை. அதற்கடியில் ஒரு பச்சை. ஏதோ ஒரு சின்ன ஊரில் வெள்ளம் வந்து மின்சாரம் போனபோது இதன் எஞ்சினிலிருந்து கம்பி இழுத்து ஊருக்கே விளக்கேற்றினார்களாம், அப்போதைய பச்சை. அதற்கடியில் இரவல் வாங்கிய இன்னொரு தேசத்துக் கடற்படையின் வெளிர்நீலம். எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டாம் உலக யுத்தத்துச் சாம்பல் நிறம். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது கூடவே காவலுக்குப் போவதற்காக அமெரிக்காக்காரன் அவசர அவசரமாகக் கட்டிய சிறிய போர்க்கப்பல் இது. எத்தனையோ பெயர் மாறி, கொடி மாறி, கடைசியில் புஜைராவில் புதுத் துறைமுகத்து வேலைக்கு அலை தடுக்கிற சுவராக மூழ்கடிக்கப்பட வந்திருக்கிறது. நாளை பகல், கடல் ஏற்றத்தில் மூழ்கடிக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லா அறையும் காலி என்று பார்த்து, மூடி, குறி போட்டு, உத்தரவு கொடுக்கவேண்டியவன் பாஸ்கர்.

"இதுல சண்டை பாத்த வெள்ளைக்காரன் ஒருத்தன் எங்க கம்பெனிக்கு ஃபிட்டரா வந்தான்," என்றார் சதக்கத்துல்லா. "ஏறுன அன்னிக்கே கப்பலை அடையாளம் தெரிஞ்சிக்கிட்டான். அவன்தான் சொன்னான். நடுக்கடல்ல, குளிர்ல, பின்னால குண்டு வந்து அடிச்சிருக்கு. தண்ணி ஏறுது. கேப்டன் அந்தக் கதவைச் சாத்தச் சொல்லிட்டாரு. உள்ள ஆளுங்க."

"சாத்தலைன்னா கப்பலே போயிருக்கும்."

"அதேதான். அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா உள்ள தட்டுறாங்க இல்லையா, வெளிய ஒருத்தனை உக்கார வெச்சாங்க. அவங்க தட்டத் தட்ட இவன் பதில் தட்டணும். வர்றோம், இந்தா வர்றோம்னு. அவங்க பதட்டப்படாம இருக்கணுமாம். கரை வர்ற வரைக்கும் தட்டியிருக்கான். தொறக்கவே இல்ல. அப்புறம் உள்ள சத்தம் நின்னுபோச்சு, இவன் மட்டும் நிறுத்தத் தெரியாம தட்டிக்கிட்டே இருந்தானாம்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அந்த ஃபிட்டர் மறுநாளே வேலையை விட்டுட்டுப் போயிட்டான். உக்கார வெச்சது யாரைன்னு நான் கேக்கல."

அன்று சாயங்காலம் பாஸ்கர் வீட்டுப் படியேறும்போதே மாடிக்காரன் ஹபீப் முகம்மது எதிரே இறங்கி வந்து பிடித்துக்கொண்டான். கீழக்கரைக்காரன். கப்பல் சாமான் கடை வைத்திருந்தான். பழைய கப்பல்களில் பித்தளை வால்வு, வட்ட ஜன்னல் வளையம், விளக்குக் கூண்டு என்று கழற்றி வந்து துலக்கி விற்பான். கடையில் எதிரொலிக்கிற அவன் குரல் தெருமுனை வரை கேட்கும். மூன்று நாளாக இந்தக் கப்பலில் பாஸ்கர் தயவில் கழற்றிக்கொண்டிருந்தான்.

"முன்னால பெயிண்ட் ரூம்ல இன்னும் நாலு வால்வு கெடக்குண்ணே. நாளைக்கி ஒரே தடவை ஏறிட்டு எறங்கிருவேன். கடலுக்கு எதுக்குண்ணே பித்தளை?"

வேண்டாம் என்று சொல்லப் போனான் பாஸ்கர். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சர்வேயர், படித்தவன், இரும்புக் கதவு தட்டுகிறது என்றா சொல்வது? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் தலையாட்டிவிட்டான்.

மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஹபீபின் மனைவி ஷம்சியா எட்டிப் பார்த்தாள். முழுகாமல் இருந்தாள், இரண்டு முறை தங்காமல் போய் மூன்றாவதாகத் தங்கியது. "அண்ணே, இவுகளுக்கு அந்தக் கப்பலே வேணாம்னு சொன்னேன், கேக்க மாட்றாக. உங்களை நம்பித்தான் விடுறேன். கூட்டிட்டுப் போறவுக நீங்களே கூட்டிட்டு வந்து விட்டுருங்க."

"நான் கூட்டிட்டு வரேம்மா," என்றான் பாஸ்கர்.

மறுநாள் லாஞ்சுப் படகில் போகும்போது ஹபீப் வாயை மூடவில்லை. கீழக்கரையில் வீடு கட்டுகிற கதை, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற கதை. கடைசியில் பாஸ்கர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இங்க பாரு. எங்கயாவது கதவு சாத்திக்கிச்சுன்னா கத்தாதே. மேல கம்ப்ரஸர் ஓடும், குரல் கேக்காது. இரும்புல இரும்பை வெச்சு ரெண்டு ரெண்டாத் தட்டு. நான் ஒரு தட்டுத் தட்டுனா வந்துட்டேன்னு அர்த்தம். என்ன?"

"ரெண்டு ரெண்டு. சரிண்ணே." ஹபீப் சிரித்தான். "நமக்குத்தான் அல்லா இவ்ளோ பெரிய வாயைக் குடுத்துருக்கானே."

பகல் ஏற்றம் நெருங்கியபோது அநேகமாக எல்லாரும் மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். சதக்கத்துல்லா தன் பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு முதல் லாஞ்சிலேயே இறங்கிப்போனார். இழுவைப் படகின் ஃபோர்மேன் மக்தூம், கீழே எஞ்சின் அறையில் கடல் தண்ணீரை உள்ளே விடுகிற வால்வுகளைத் திறக்க இரண்டு ஆளை நிறுத்திவிட்டு, பாஸ்கரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹபீபின் சாக்கு மட்டும் ஏணி வாயில் கிடந்தது. ஹபீப் இல்லை.

"பாய், பானி ஜாயேகா. யல்லா," என்றார் மக்தூம். ஏற்றம் வடிந்துவிடும் என்ற அவசரம் அவருக்கு.

"ஒரு ஆள் கீழ இருக்கான். தோ மினிட்."

பாஸ்கர் இறங்கினான். ஏணியின் அடியில் நின்று டார்ச்சை அடித்தான். இரண்டு பக்கமும் நீளமான நடை, முன்னால் போனால் பெயிண்ட் அறை, பின்னால் போனால் அந்தக் கதவு. தலைக்கு மேல் கம்ப்ரஸரின் அதிர்வில் தளமே உறுமிக்கொண்டிருக்க, தகடுகளுக்கு வெளியே கடல் உரசுகிற சத்தம், எங்கேயோ சொட்டுகிற சத்தம், தன் மூச்சு. "ஹபீபு," என்று கூப்பிட்டான். உறுமல் அதை விழுங்கிவிட்டது.

அப்போது கேட்டது. முன்பக்கத்திலிருந்து. அடி. கன்னாபின்னாவென்று அடி, இரும்பை உடைத்துவிடுகிற மாதிரி, எண்ணிக்கையில்லாமல், இடைவெளியில்லாமல், கையாலும் காலாலும் எதை எதையோ கொண்டும் அடிக்கிற அடி. அதோடு ஊளை மாதிரி ஏதோ ஒன்று. தண்ணீர் ஏறுகிற அறைக்குள் அடைபட்டவர்கள் அப்படித்தான் அடித்திருப்பார்கள். நேற்றுப் பகலில் கேட்ட கதையெல்லாம் அந்த அடியில் இருந்தது.

பிறகு பின்பக்கத்திலிருந்து.

தக் தக். இடைவெளி. தக் தக்.

நிதானமாக. சுத்தமாக. சொல்லிக்கொடுத்தபடி.

ஹபீபுக்குத்தானே சொல்லிக்கொடுத்தோம், என்று பாஸ்கர் நினைத்தான். காலையில்தானே சொல்லிக்கொடுத்தோம். அந்த நினைப்பில் அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. முன்பக்கத்து அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். அவன் போட்ட பெருக்கல் குறி ஈரத்தில் கரைந்து வழிந்திருந்தது. பிடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான். துருப்பிடித்த பிடிகள் எண்ணெய் போட்டதுபோல் திரும்பின. அதையும் அவன் கவனித்தான். கவனித்தும் திருப்பினான்.

கதவு திறந்ததும் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் வெளியே புரண்டது. கருப்பாக. எலும்பைக் கடிக்கிற குளிரில். இந்தக் கடலில் எந்த மாதத்திலும் கிடையாத குளிர்.

கதவை ஒட்டி, மூக்கு கதவில் படுகிற தூரத்தில், ஹபீப் நின்றிருந்தான். தலைமுதல் கால்வரை நனைந்து. வாய் மூடி.

"இங்க எப்படிடா வந்தே? சரி, வா. வா முதல்ல."

அவன் வந்தான். பில்ஜ் தண்ணீர், என்று பாஸ்கர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடியில் தேங்கின தண்ணீர், அவ்வளவுதான். ஏணிப்படி வரை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். பிடித்த கை குளிர்ந்திருந்தது. முன்பக்கத்தில் அந்த அடி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. பாஸ்கர் அந்தப் பக்கம் டார்ச்சைக்கூடத் திருப்பவில்லை.

மேலே வந்ததும், எல்லாம் முடிந்ததா என்று மக்தூம் கேட்டார். "கலாஸ்?"

"கலாஸ்," என்றான் பாஸ்கர்.

வால்வுகளைத் திறந்த ஆட்கள் ஏறி வந்தார்கள். எல்லோரும் லாஞ்சுக்கு இறங்கினார்கள். கம்ப்ரஸரை நிறுத்தினார்கள். லாஞ்ச் விலகிப் போய் எஞ்சினை அணைத்துக்கொண்டு, கப்பல் நேராக உட்காருகிறதா என்று பார்க்க நின்றது. வெயில் கண்ணைக் குத்தியது. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கப்பல் மெல்லப் பெருமூச்சு விட்டுக்கொண்டு தாழ்ந்தது.

அப்போதுதான் அந்த அடி தெளிவாகக் கேட்டது. முன்பக்கத் தகட்டின் உள்ளேயிருந்து, தண்ணீருக்கு மேலே இன்னும் ஒரு முழம் இருந்த இடத்திலிருந்து. அதோடு அந்த ஊளை. இப்போது அது ஊளையில்லை. தெருமுனை வரை கேட்கிற குரல்.

"அண்ணே... பாஸ்கரண்ணே... இங்கிட்டு..."

அது என்ன சத்தமென்று மக்தூம் நெற்றியைச் சுருக்கினார். "க்யா ஆவாஸ் ஹை?"

பயந்துபோன மனுஷன் சொல்லிக்கொடுத்தபடி தட்டுவானா? உயிர் போகிறவன் எண்ணி எண்ணி, இடைவெளி விட்டு, நிதானமாகத் தட்டுவானா? இது எந்த முட்டாளுக்கும் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியாமல் போனது.

"காத்து," என்றான் பாஸ்கர். "உள்ள இருக்கற காத்து வெளிய வருது."

தகடு தாழ்ந்தது. குரல் குமிழியானது. பிறகு வெறும் கடல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முதல்முறையாக வாயைத் திறந்தான். ஹபீபின் குரல்தான். கீழக்கரைப் பேச்சுத்தான். அவசரமில்லாமல் சொன்னான்.

"நேத்தே வர்றேன்னு சொன்னிய. பரவால்ல."

பாஸ்கர் திரும்பிப் பார்க்கவில்லை. கரை வரும்வரை பார்க்கவில்லை. அந்த வெயிலில், அந்தச் சூட்டில், பக்கத்திலிருந்த சட்டை காயவேயில்லை. பலகையிலிருந்து சொட்டிச் சொட்டி அவன் செருப்புக்கடியில் குளிர்ந்த தண்ணீர் தேங்கியது.

வண்டியில் வந்தார்கள். கட்டடத்தின் முன்னால் இறங்கியதும் அவன் வழி கேட்காமல் படியேறினான். பாஸ்கர் பின்னால் போனான். எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் போனான். மாடிக்கதவு திறந்தே இருந்தது. ஷம்சியா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்; புருஷனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க இது, கடல்ல விழுந்தியளா? வாங்க உள்ள, சளி பிடிக்கப் போகுது." பிறகு பாஸ்கரைப் பார்த்தாள். "சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டிய அண்ணே. நீங்க நல்லா இருப்பிய."

சொல்லிவிடவேண்டும். இப்போதே. உள்ளே விடாதே, தங்கச்சி. உன் புருஷன் இவனில்லை, உன் புருஷனை நான் மூழ்கடித்துவிட்டு வந்திருக்கிறேன். சொன்னால் இவள் முகம் என்னவாகும்? வயிற்றுப் பிள்ளை என்னவாகும்? நான் என்னவாவேன்? கடைசிக் கேள்விதான் அவன் வாயைக் கட்டியது. அவன் கோழை. அது அவனுக்கே தெரிந்தது.

"வரேம்மா," என்றான்.

கதவு சாத்திக்கொண்டது.

படியின் பாதியில் சுசீலா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க இவ்ளோ தண்ணி? மேல டேங்க் வழியுதா?"

மாடிக் கதவடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கருப்பாக, மெல்ல, படிக்குப் படி இறங்கி. சுசீலாவின் காலில் பட்டதும் அவள் காலை இழுத்துக்கொண்டாள். "ஐஸ் மாதிரி இருக்கே," என்றாள்.

மேலே தாழ்ப்பாள் விழுந்தது. மேல்தாழ்ப்பாள். கீழ்த்தாழ்ப்பாள்.

பிறகு ஜன்னல். முதலில் தெருப்பக்கத்து ஜன்னல். சமையலறை ஜன்னல். ஒவ்வொன்றாக. பதறாமல். இறுக்கி.

"ஏங்க, எல்லாத்தையும் ஏன் சாத்துறிய?" ஷம்சியாவின் குரல், இன்னும் சிரிப்பு போகாத குரல். "புழுங்குதுல்ல. அந்தக் குழாய வேற தொறந்து விட்டுட்டு..."

பாஸ்கர் மேலே ஓடினான். கதவின் முன்னால் நின்றான். தட்டுவதற்குக் கையைத் தூக்கினான்.

அந்தக் கதவடியில் வந்துகொண்டிருந்த தண்ணீர் குறைந்தது. நூலாக இளைத்தது. சொட்டானது. நின்றது. உள்ளே குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. இடுக்கு முழுவதும் உள்பக்கத்திலிருந்து யாரோ ஈரத்துணியைத் திணித்துத் திணித்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். துணியின் ஓரத்தில் நாலு விரல் நுனி தெரிந்தது, வெளுத்து, வெகுகாலம் தண்ணீரில் ஊறியது.